அறைவீட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தங்கச்சி, அந்த ஓரத்துல வெயிலு மூஞ்சியில அடிக்கும். இம்புட்டுப் பெரிய வேப்பமரம் நின்னும் பிரயோசனமில்ல, நெழலு பூரா மதிலுக்கு அந்தப் பக்கம் போயி விழுது. இந்தப் பெஞ்சு போட்டிருக்க லெச்சணத்தப் பாத்தியளா? எல்லாப் பெஞ்சும் செவத்தப் பாத்து இருக்கு. வாறவிய ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கக் கூடாதாம். நான் வந்ததும் இதத் திருப்பிப் போட்டேன். ஆபீஸ்ல இருக்க பிள்ள வந்து மறுபடி செவத்தப் பாக்கத் திருப்பி வச்சிட்டுப் போறா. "இங்க இப்படித்தாம்மா"ங்கா.

அந்த போர்டப் படிச்சியளா? காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் ஊர் விசாரிக்க வேண்டாம்னு போட்டிருக்கு. நம்ம பக்கத்துல ஊரு கேக்காம ஒரு மனுசிகிட்ட எப்படிப் பேச ஆரம்பிக்கது? ஊரு கேட்டாத்தான எந்தச் சபை, யாரு ஐயரு, யாரு வீட்டு மகன்னு ஒரு பிடி கெடைக்கும்? சரி, வேண்டாம்னா வேண்டாம். நான் உங்க ஊரக் கேக்கல. நல்லாப் பாத்துக்கிடுங்க, நான் கேக்கல.

இது எம் பேத்தி. மெதுவா, தொடாதிய, இப்பத்தான் கண்ணசந்தா. ரெண்டு மாசம் ஆகப் போகுது. மூக்கப் பாத்தா எங்க வீட்டுக்காரர் மூக்கு. எம் மக உள்ள இருக்கா. பெனிட்டா. அவளுக்கு ஒண்ணுமில்ல, பிள்ள பெத்த ஒடம்பு பாத்தியளா, கொஞ்சம் அசதி. நீங்களும் துணைக்கு வந்தவியதானா? மத்த ரூமுக்குள்ள யாரோ போனாவளே, அவிய கூடவா? கேக்கல, கேக்கல. நீங்க சொல்ல வேண்டாம்.

நான் இந்த ஊருக்காரிதான். வீடு அந்தா தண்ணித்தொட்டிக்கு அந்தப் பக்கம். இங்கேருந்து கூப்பிட்டாக் கேக்கும். ஆனா இந்த கேட்டுக்குள்ள கால வச்சது இன்னைக்கித்தான். அதுவும் எப்படி வந்தேன் தெரியுமா? பிறந்து வளந்து வாக்கப்பட்ட ஊர்ல, குடையத் தோளு வரைக்கும் தாழ்த்திப் பிடிச்சிக்கிட்டு, கல்லறைத் தோட்டத்துப் பக்கமாச் சுத்தி, கோயிலுக்குப் பின்னால வந்தேன். களவாணி மாதிரி. இந்த வழியா பஸ்ல போனாக்கூட நான் இந்தப் பக்கத்து சீட்டுல உக்கார மாட்டேன் தங்கச்சி. எதுத்த பக்கம் உக்காந்து வயக்காட்டப் பாத்துக்கிட்டே போயிருவேன். அம்புட்டு வெக்கம்.

எதுக்குன்னு கேக்கியளா? கேக்கலியா? சரி, சொல்லுதேன்.

வராந்தாவுல ஒரு போட்டோ மாட்டியிருக்கே, கண்ணாடி போட்ட அம்மா, அவியதான் எங்க பழைய ஐயரம்மா. எங்க சபையில குருவா இருந்த ஐயரோட வீட்டம்மா. இந்த ஊழியத்தின் தரிசனத்தைப் பெற்றவர்னு கீழ எழுதியிருக்கு. வருசா வருசம் இதோட ஆண்டுவிழா நடக்கும். அன்னைக்கி யாராவது ஒரு பெரிய ஐயரு வந்து சொல்லுவாரு, ஐயரம்மா முழங்கால்ல நிக்கும்போது ஆண்டவர் ஒரு பூட்டுன கதவக் காமிச்சாரு, அதுலேருந்துதான் இந்த ஆலோசனை மையம் பொறந்துச்சுன்னு. நானும் வீட்டுக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். தரிசனம் வந்திருக்கும், நான் இல்லங்கல. ஆனா அது வானத்துலேருந்து வரல தங்கச்சி. எங்க கோயில் கோபுரத்துல கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்லேருந்து வந்துச்சு. அதுல பேசுனது நாந்தான்.

அப்ப நான் பெண்கள் சங்கத்துச் செகரட்டரி. எம் பேரு எப்சிபாய், எப்சியக்கான்னா இந்தச் சுத்துவட்டாரத்துல தெரியாத ஆளு கெடையாது. எதுக்கு? ஜெபத்துக்கு. பெருமைக்குச் சொல்லல. நான் வாயத் தொறந்து "எங்கள் பரம தகப்பனே"ன்னு ஆரம்பிச்சா, பின்னால ரெண்டு பொம்பளைய முந்தானைய எடுத்துருவாவ. மாசத்துல கடைசி வெள்ளிக்கிழம உபவாச ஜெபம். சீக்காளிய, பிள்ளைகாரிய, வர முடியாதவிய வீட்டுலேருந்தே கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போடுவோம். அந்த மைக்கு எங் கைக்கு வந்துருச்சுன்னா, ஆண்டவரே எதுத்தாப்புல வந்து நிக்கது மாதிரி இருக்கும் எனக்கு. பொய்யில்ல. இன்னைக்கும் அத நெனச்சா மயிர் கூச்செறியுது, இந்தா பாருங்க கைய.

அதனால எல்லாரும் எங்கிட்டத்தான் வருவாவ. மகனுக்கு வேலையில்ல, புருசன் குடிக்கான், மாமியா சோறு போடல, எல்லாம் எங்கிட்ட வந்து கொட்டுவாவ. நான் கேப்பேன். கேட்டு ஜெபத்துல வைப்பேன். பேரு சொல்ல மாட்டேன், பாத்துக்கிடுங்க. ஒரு நாளும் பேரு சொன்னது கெடையாது.

அப்படித்தான் அந்தப் பிள்ள வந்துச்சு, சுகிர்தா. இப்ப உள்ள எம் மக கூடப் பேசிக்கிட்டு இருக்காளே, அவதான். இந்த மையத்துக்கு இன்னைக்கி அவதான் எல்லாம். அன்னைக்கி அவ எங்க தெரு மருமக, வாக்கப்பட்டு வந்து ஒரு வருசம் ஆயிருக்கும். தலப்பிள்ள பெத்து மூணு மாசம். நான் பின்வாசல்ல சாளை மீனு அரிஞ்சிக்கிட்டு இருந்தேன். வந்து நெலையப் பிடிச்சிக்கிட்டு நின்னா. தல எண்ணெ காணல, கண்ணு குழியில கெடக்கு. "என்னட்டி?"ன்னு கேட்டேன். பூனை வந்து மீன் தலைய இழுக்குது, அதக்கூட வெரட்டத் தோணல அவளுக்கு. பொறவு சொன்னா, "எக்கா, பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கெணத்துப் பக்கம் போகப் பயமா இருக்கு."

அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல.

கையக் கழுவிட்டு அவ தலையத் தடவி, "ஒண்ணுங் கவலப்படாதட்டி, நான் ஜெபிச்சிக்கிடுதேன்"னு சொன்னேன். அந்தப் பிள்ள மொகத்துல ஒரு தெளிவு வந்துச்சு பாருங்க. இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. நம்பிப் போனா. என்னைய நம்பித்தான் போனா.

மறுநாளு கடைசி வெள்ளி.

நான் பேரு சொல்லல தங்கச்சி. ஆணையிடக் கூடாது, இல்லாட்டி ஆணையிட்டே சொல்லுவேன். "ஆண்டவரே, பேரு சொல்லல, உமக்குத் தெரியும்"னுதான் ஆரம்பிச்சேன். "தண்ணித்தொட்டிக்கு எதுத்த வீட்டு மருமக, ஐப்பசியில தலப்பிள்ள பெத்தவ"ன்னு சொன்னேன். அது ஒரு அடையாளத்துக்குச் சொன்னது. கூட ஜெபிக்கவியளுக்கும் பாரம் வரணும்லா? பொறவு, "பெத்த பிள்ளையக் கெணத்துல போட நெனைக்கிற அந்தத் தாயோட மனசுல இருக்க பொல்லாத ஆவிய வெரட்டும்"னு கதறுனேன். அவ பயமா இருக்குன்னுதான் சொன்னா. சரிதான். ஆனா எதுக்குப் பயம்? போட்டுருவோமோன்னுதான பயம்? அதத்தான் நான் கொஞ்சம் வெளக்கமாச் சொன்னேன்.

அன்னைக்கி அழுதது மாதிரி எங்க சபையில ஒரு சாவுத் துட்டி வீட்டுலயும் அழுதிருக்க மாட்டாவ. கோயிலே குலுங்குது. நான் பாதியில கண்ணத் தொறந்து பாக்கேன், ஐயரம்மா மட்டும் அழல. என்னையவே பாத்துக்கிட்டு நிக்காவ. நடந்து வந்து மைக்கு வயரப் புடுங்கிட்டாவ. ஜெபத்துக்கு நடுவுல! நான் அதத் தப்புன்னுதான் இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா புடுங்கியும் என்ன, அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டேனே.

சுகிர்தா வீட்டு முத்தத்துல பிள்ளையோட தொட்டில் துணியக் கொடியில காயப் போட்டுக்கிட்டு நின்னாளாம். ஸ்பீக்கரு அந்த வீட்டப் பாத்துத்தான் கட்டியிருக்கு. கேட்டுக்கிட்டே நின்னிருக்கா. ஈரத்துணி கையில அப்படியே இருந்துச்சாம். அவ மாமியா கோயில்ல எனக்குப் பின் வரிசையிலதான் இருந்தா, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு ஓடுனா. அன்னைக்கிச் சாயங்காலமே பிள்ளைய வாங்கி வச்சிக்கிட்டு, இவள ஆட்டோவுல ஏத்தி அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டாவ. பால் குடிக்க பிள்ள. பால் கட்டிப் போயி அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு பொறவு சொன்னாவ. அந்த ஆட்டோ போகும்போது தெருவுல ஒரு வாசல்ல ஒரு ஆளு நிக்கல. எல்லாரும் ஜன்னலுக்குப் பின்னால நின்னோம்.

இந்தா, சிணுங்குதா பாருங்க. ஓ... ஓ... ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல. கையச் சப்பிக்கிட்டே தூங்கிருவா.

மறுநாளு ஐயரம்மா எங்க வீட்டுக்கு வந்தாவ. உக்காரச் சொன்னேன், உக்காரல. "எப்சி, ஆண்டவருக்குக் காது கேக்காதுன்னா நீ ஸ்பீக்கர்ல சொன்ன?"ன்னு கேட்டாவ. சத்தம் போட்டுக் கேக்கல தங்கச்சி. சத்தம் போட்டிருந்தா நானும் சத்தம் போட்டிருப்பேன். எங்க வீட்டுக்காரரு ஈசிசேர்ல பேப்பரப் பிடிச்சிக்கிட்டு இருக்காரு, அவரு முன்னாடி கேட்டாவ. "பாரத்தோட ஜெபிச்சேம்மா"ன்னேன். "அந்தப் பாரத்த இப்ப அவதான சுமக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ.

நல்லா நறுக்குன்னு கேட்டாவ. ஒரு குருவானவர் வீட்டம்மா சபையாரப் பாத்து அப்படிக் கேக்கலாமான்னு ஒரு மாசம் எனக்கு ஆங்காரமா இருந்துச்சு. சங்கத்துல நாலு பேரச் சேத்துக்கிட்டு ஐயர்கிட்டச் சொல்லலாம்னுகூடப் பாத்தேன். ஒருத்தியும் கூட வரல.

ஐயரம்மா பஸ் ஏறிப் போயி, அவ அப்பன்கிட்டப் பேசி, சுகிர்தாவக் கூட்டிட்டு வந்து ஐயர் வீட்டுலயே வச்சிக்கிட்டாவ. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ, மாத்திரை குடுத்தாவ. இது ஆவியுமில்ல பூதமுமில்ல, பிள்ள பெத்த சில பேருக்கு வாற நோவுன்னு டாக்டரு சொன்னாராம். இதுக்குப் போயி ஆஸ்பத்திரியான்னு நாங்க பேசிக்கிட்டோம். பொறவு ஐயரம்மா ஒரு காரியம் பண்ணுனாவ. கோயிலுக்குப் பின்னால மைக் செட்டு வைக்க ஒரு சின்ன ரூம் உண்டு. ஆம்ப்ளிபயரு, குழாயி, வயரு எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சாவ. செவத்துக்கு வெள்ளையடிச்சு ரெண்டு பிரம்பு நாற்காலி போட்டாவ. கதவுக்குப் புதுசாத் தாழ்ப்பா வச்சாவ. அறைவீடுன்னு பேரு வச்சாவ. உள்ளறையில கதவச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணுத எடத்த அப்படிச் சொல்லுவோம்லா, அது. அவ்வளவுதான் தங்கச்சி இதோட ஆரம்பம். பூட்டுன கதவு தரிசனமெல்லாம் அந்தத் தாழ்ப்பாதான்.

இங்க வந்து பேசுதவியளுக்காகச் சத்தமா ஜெபிக்கக் கூடாதுன்னு சட்டம் வச்சாவ. கேட்டா, கண்ண மூடிச் சும்மா கூட உக்காந்திருப்பாவளாம். ஜெபமில்லாம ஒரு ஊழியமா? சாட்சி சொல்லவும் கூடாது. சொகமானவ நாலு பேரு முன்னால எந்திரிச்சு நின்னு சொன்னாத்தான ஆண்டவருக்கு மகிமை? அதுவும் கூடாதாம். இப்படி ஒரு ஊழியத்துக்கு யாரு வருவாவன்னு நான் எங்க அடுக்களை ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஐயரம்மா சாயங்காலமானா வந்து ஒரு நாற்காலியில உக்காந்திருப்பாவ. எதுத்த நாற்காலி காலியா இருக்கும். ரொம்ப நாளு காலியாத்தான் இருந்துச்சு. பொறவு வெளக்கு வைக்கப் போற நேரத்துல ஒருத்தி ரெண்டு பேரு முக்காட்டப் போட்டுக்கிட்டுப் போனாவ. யாரு யாருன்னு நானும் பாத்தேன். எல்லாம் முந்தி எங்கிட்ட வந்தவியதான்.

அது எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

ஐயரம்மா சுகிர்தாவ மதுரைக்கு அனுப்பி இதுக்குன்னு ஒரு படிப்புப் படிக்க வச்சாவ. ஐயருக்கு மாத்தல் வந்துச்சு, சாவிய இவ கையில குடுத்துட்டுப் போனாவ. வெளியூர்லேருந்து காணிக்க வந்து இந்தக் கட்டடம் வந்துச்சு. பிள்ளையா? பிள்ளைய ஒரு வழியாக் குடுத்தாவ. புருசங்காரன் மனசு மாறி வந்து இவளக் கூட்டிட்டுப் போனான். ஆனா அதுக்குள்ள பிள்ள நடந்து ஓடிப் பேசி எல்லாம் ஆயிட்டுது. அப்பத்தாவத்தான் அம்மாங்கும். இப்ப காலேஜ் படிக்குது, இன்னமும் இவளச் சுகிர்தான்னு பேரச் சொல்லித்தான் கூப்பிடுது. கோயிலுக்கு வெளிய ஒரு நாளு என் காதுல விழுந்துச்சு. "சுகிர்தா, குடைய எடுத்தியா?"ன்னு கேக்கு. இவ சிரிச்சிக்கிட்டே "எடுத்தேம்மா"ங்கா. நான் செருப்பத் தேடுதது மாதிரிக் குனிஞ்சிக்கிட்டேன்.

அந்த வருசத்தோட என் செகரட்டரி வேலையும் போச்சு. யாரும் போன்னு சொல்லல. வேற ஆளப் போட்டுட்டாவ. இப்ப சங்கத்துல முடிவு ஜெபத்துக்குக்கூட என்னையக் கூப்பிட மாட்டாவ. டீ போடச் சொல்லுதாவ. நல்ல டீ போடுதேன்.

எம் மக கதைய எங்க விட்டேன்? அசதின்னு சொன்னேன்லா. அசதியில்ல. உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்க? நீங்க யாரோ நான் யாரோ. பாத்தா நல்ல மனுசி மாதிரி இருக்கிய. இம்புட்டு நேரம் ஒரு வார்த்த குறுக்க பேசாமக் கேட்டுக்கிட்டு இருக்கிய. இந்தக் காலத்துல யாரு கேக்கா?

பெனிட்டா சின்னதுலேருந்தே எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா. அழுத்தக்காரி. பத்தாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு பையன் இவகிட்டப் பேச வந்தான்னு வந்து சொன்னா. நான் வாலிபப் பிள்ளைகளுக்கான ஜெபத்துல அத வச்சேன். பேரு சொல்லல. "என் வயித்துல பிறந்த ஒரே மகள்"னுதான் சொன்னேன். அன்னைக்கி வாய மூடுனவதான். பரிச்சையில பெயிலானத பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிஞ்சிக்கிட்டேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கான்னு கேட்டா "ம்". மசக்கையா இருக்கியான்னு கேட்டா "ம்". தாயிகிட்ட இப்படி ஒரு பிள்ள இருக்குமா?

பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வந்தோம். நல்லபடியாப் பொறந்துச்சு. கொஞ்ச நாளாப் பாக்கேன், பிள்ள அழுதா இவ செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதா. பால் குடுப்பா, குடுத்ததும் எங்கிட்ட நீட்டிருவா. மடியில வச்சிக்கிட மாட்டா. போன வாரம் மொட்டைமாடியில வத்தல் காயப் போட்டிருந்தேன். "ஏட்டி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு மேல வந்து காத்தாட உக்காரு"ன்னு சொன்னேன். படியில கால வச்சவ அப்படியே நின்னுட்டா. பிள்ளைய எங் கையில திணிச்சா. "அம்மா, என்னைய மாடிக்கு வரச் சொல்லாத. பயமா இருக்கு"ன்னா.

நான் பிள்ளையோட அந்தப் படியிலயே உக்காந்துட்டேன். முந்தி பின்வாசல் நெலையப் பிடிச்சிக்கிட்டு நின்னாளே சுகிர்தா, அவ மொகம், அதே கண்ணு. பயம்னா பயந்தான்னு அன்னைக்கித்தான் எனக்குத் தெரிஞ்சிது. எம் பிள்ள யாரையும் எங்கயும் போட நெனைக்கல. தன்னக் கண்டே நடுங்குதா. இம்புட்டு வருசம் கழிச்சு, எம் பிள்ளைக்கு வந்தப்பொறவுதான் எனக்கு அது வெளங்குது. இந்த மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?

இது அவ மாமியா வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவிய பெரிய குடும்பம், கொம்மடிவிளையில கோயில் கமிட்டியிலயே இருக்காவ. மாப்பிள்ள நல்ல பையன்தான், ஆனா தாயி கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டான். தெரிஞ்சிதோ, பிள்ளைய வாங்கி வச்சிக்கிட்டு இவள இங்கயே விட்டுட்டுப் போயிருவாவ. அடுத்த வாரம் பிள்ளைய அழைக்க வாறாவ. இன்னைக்கிக்கூடப் போன் வந்துச்சு, பல்லு வலி, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு பொய் சொல்லியிருக்கேன். என்ன தங்கச்சி, சட்டுன்னு நிமுந்து பாக்கிய? வெயிலு மேல ஏறிட்டுதோ? தண்ணி குடிக்கியளா? இந்தா பாட்டில்ல இருக்கு, குடிங்க.

அப்படித்தான் இங்க வந்தோம். நானாக் கூட்டிட்டு வரல, பொய் சொல்லக் கூடாது. பெனிட்டாதான் கேட்டா. "அம்மா, என்னைய சுகிர்தாக்காகிட்டக் கூட்டிட்டுப் போ"ன்னு. ஏட்டி, வேற எங்கயாவது போலாம்ட்டி, திருநெல்வேலியில எத்தனையோ டாக்டரு இருக்காவன்னு கெஞ்சிப் பாத்தேன். கேக்கல. நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு வருவேன்? குடையத் தாழ்த்திக்கிட்டு வந்தேன்.

கதவத் தொறந்தது சுகிர்தாதான். பாத்தா. என்ன சொல்லப் போறாளோன்னு நான் குடைய மடக்காமலே நின்னேன். ரெண்டு வார்த்த கேட்டிருந்தாக்கூட எனக்குப் பாரம் கொறஞ்சிருக்கும். "வாங்கக்கா"ன்னா. அன்னைக்கி எக்கான்னு கூப்பிட்ட அதே கொரலு. பெனிட்டா தோள்ல கையப் போட்டு உள்ள கூட்டிட்டுப் போனா. நானும் பின்னால போனேன், தாயில்லியா? திரும்பி, "நீங்க வெளிய இருங்கக்கா"ன்னு சொல்லிட்டுத் தாழ்ப்பாளப் போட்டா. பழி வாங்கிட்டான்னு மொதல்ல நெனச்சேன். பெத்த மகளோட சங்கடத்தத் தெரிஞ்சிக்கிட எனக்கு உரிமையில்லியா? பொறவு இங்க வந்து செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தப்போ தோணுச்சு, எம் மகதான் அவகிட்ட அப்படிச் சொல்லியிருப்பா. அம்மா இருந்தா நான் பேச மாட்டேன்னு.

சவம், கண்ணுல தண்ணி வருது பாருங்க. உங்ககிட்டக் கொட்டுனதுல எனக்குக் கொஞ்சம் இளகுன மாதிரி இருக்கு.

கூட வந்தவிய வெளிய வந்தாச்சா? எந்திரிச்சிட்டியளே. சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா போயிட்டு வாங்க. என்ன சொன்னிய? நான் கவலப்படக் கூடாதா? சரிம்மா. என்னது? ஜெபத்துல வைக்கியளா? எங்க... உங்க கொம்மடிவிளைச் சபையிலயா?

நீங்க கொம்மடிவிளையா?

ஊரு கேக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு தங்கச்சி. அதனாலதான் நான் கேக்கல.

நில்லுங்க. ஒரு நிமிசம் நில்லுங்க. இன்னொருக்காச் சொல்லுங்க, எப்படிச் சொன்னிய? பெத்த பிள்ளைய மாடியிலேருந்து போடத் தோணுதுன்னு நிக்க அந்த மகளுக்காக... இல்ல. இல்லம்மா. அப்படி அவ சொல்லல. நானும் சொல்லல. பயமா இருக்குன்னுதான் சொன்னா. மாடிக்கு வரப் பயமா இருக்குன்னு, அம்புட்டுத்தான் எம் பிள்ள சொன்னது. நீங்க வெளக்கம் சேக்காதிய. பேரு சொல்ல மாட்டியளா? பேரு வேண்டாம் தங்கச்சி, பேரு சொல்லாட்டியும் தெரியும். எனக்குத் தெரியாதா அது? நல்ல மனசோடதான் சொல்லுதிய, பாரத்தோடதான் சொல்லுதிய, எனக்குத் தெரியுது. நானும் நல்ல மனசோடதான்...

கதவு தொறக்குது. வாறா. மெதுவாப் பேசுங்க.

வாட்டி. முடிஞ்சுதா? கண்ணெல்லாம் செவந்து போயி... சரி, நான் ஒண்ணுங் கேக்கல. இவியளா? இவிய சும்மா, துணைக்கு வந்தவிய. என்னத்தப் பேசுனோம்? வெயிலப் பத்திப் பேசுனோம். இந்த மரம் நின்னும் நெழல் இல்லன்னு பேசுனோம். இல்லியா தங்கச்சி?

என்னட்டி கைய நீட்டுத? பிள்ளையவா? நீ வச்சிக்கிடுதியா? இந்தா... தலையப் பிடிச்சிக்கோ. அப்படித்தான். அப்படித்தான் மக்களே. நீ முன்னால போ, குடைய நான் எடுத்துட்டு வாறேன்.

தங்கச்சி. பாத்தியளா, தூக்கிக்கிட்டா. அவளாக் கேட்டு வாங்குனா. உங்க கையப் பிடிச்சிக் கேக்கேன். கால்ல விழச் சொன்னாலும் இந்த வயசுல விழுதேன். எங்களுக்காக ஜெபிக்க மட்டும் செஞ்சிராதிய.